சதாசிவனார் போட்டோஷாப் நூல் கொண்ட படலம்

வாழ்க சதாசிவனார்! கொள்முதல் பிரிவின் கோமான், மூன்று கொட்டேஷன் பெறாமல் முருங்கைக்காயும் வாங்காத முறைமை வேந்தர், யாஷிகா கேமரா ஏந்திய தடக்கையர், தெய்வநாயகியின் கொழுநர், அணுமின் நகரியத்து மூன்றாம் மாடியின் முடிசூடா மன்னர், அவர் வாழ்க! அவர் சட்டைப்பையில் வரிசையாய் நின்று காவல் புரியும் நீலம், சிவப்பு, பச்சை என்னும் பேனாக்களும் வாழ்க! சொல்லுக்குரிய தெய்வமே, வந்து நாவில் அமர்ந்துகொள். இடையில் எழுந்து போய்விடாதே, விஷயம் பெரிது. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் ஆடி மாதத்தில், உப்புக்காற்று ஓயாமல் வீசி ஜன்னல் கம்பிகளைத் துருவாய் உதிர்க்கும் அக்கடலோர நகரியத்தில், சதாசிவனார் ஒரு புத்தகம் வாங்கினார். அதைத்தான் சொல்லப் போகிறோம்.

போர் என்றால் காரணம் வேண்டும். பெண்ணால் மூண்ட போர் உண்டு, மண்ணால் மூண்ட போர் உண்டு. இந்தப் போர் மூண்டது ஒரு சுவரால். அணுமின் நிலையத்துக்குள் கேமரா கொண்டுபோகக் கூடாது. ஆகவே கொள்முதல் பிரிவில் எவர் ஓய்வு பெற்றாலும், பிரிவு முழுவதும் ஒரு வேனில் ஏறி மாமல்லபுரம் போய், இதோ உருண்டுவிடுவேன், இதோ உருண்டுவிடுவேன் என்று நூற்றாண்டுக் கணக்கில் மிரட்டிக்கொண்டே ஓரங்குலமும் நகராத அந்த வெண்ணெய்ப் பாறையின் முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஓய்வு பெறுபவர் சந்தன மாலையோடு நடுவில் நிற்பார். படம் எடுப்பவர் சதாசிவனார். "குடுங்க சார், நீங்களும் போய் நில்லுங்க, நான் எடுக்கறேன்" என்று இரக்கமுள்ளவர்கள் கை நீட்டியதுண்டு. "வேணாம் வேணாம், லைட்டு போயிடும்" என்று அவர் அந்தக் கைகளை எல்லாம் புறங்கண்டார். அப்படி எடுத்த படங்கள் சட்டம் போடப்பட்டு, பிரிவின் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாய் ஏறி, கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் வந்துவிட்டன.

அந்தச் சுவரின் முன்னால் ஒரு நாள், புதிதாய் வேலைக்குச் சேர்ந்த சஹானா என்னும் இளம்பெண் நின்றாள். ஒவ்வொரு முகமாய்த் தொட்டுத் தொட்டு, இவர் லக்ஷ்மிநாராயணன் சார், இவர் சம்பத் சார், இதிலும் லக்ஷ்மிநாராயணன் சார் என்று பாடம் படிப்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிப் படம் முடிந்தது. பின்னால் நின்றிருந்த சதாசிவனாரைத் திரும்பிப் பார்த்து, கள்ளமில்லாத வாயால் ஒன்று கேட்டாள்.

"நீங்க இப்பதான் டிரான்ஸ்ஃபர்ல வந்தீங்களா சார்?"

அந்தோ! வேல் பாய்ந்திருந்தால் பிடுங்கியிருக்கலாம். அம்பு தைத்திருந்தால் டிஸ்பென்சரிக்குப் போயிருக்கலாம். அந்தச் சுவரில் முதல் ஆணியை அடித்தவரே அவர்தான். தலைமுடி கருப்பாய் இருந்த காலத்திலிருந்து அந்த மேசையில் உட்கார்ந்து ஃபைல் தள்ளியவர். அந்தப் படங்களில் யார் கண்ணை மூடினார், யார் வயிற்றை உள்ளே இழுத்தார் என்று அறிந்த ஒரே ஆள். ஆனால் சுவரைக் கேட்டால், அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை என்று அது சத்தியம் செய்யும். சதாசிவனாருக்கு அழுகை வந்தது. டப்பாவில் இருந்த புளியோதரையைத் தொடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனார்.

அன்று மாலை, அலுவலகப் பேருந்தின் ஜன்னலோரம் அமர்ந்து, சவுக்குத் தோப்புகளைச் சாட்சியாக வைத்து அவர் மனத்துக்குள் வஞ்சினம் கூறினார்: "கேளுங்கள் ஃபைல்களே! கேளுங்கள் ரப்பர் ஸ்டாம்புகளே! என் மகள் அனு ஹாஸ்டலுக்குப் போனது முதல் துணி போர்த்திக் கிடக்கும் கம்ப்யூட்டரை எழுப்புவேன். செங்கல்பட்டுக் கடைக்காரன் அதில் சும்மா போட்டுக் கொடுத்த போட்டோஷாப் என்னும் மாயவித்தையைக் கற்பேன். கற்று, எல்லாப் படங்களிலும் புகுவேன். ஒரு படத்தையும் விடேன். விட்டால் நான் சதாசிவம் அல்லேன்!" பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சம்பத் கண் விழித்து, ஸ்டாப் வந்துவிட்டதா என்று கேட்டார்.

வித்தை கற்க நூல் வேண்டும். வெற்றித் திருமகள் கடைக்கண் வைத்தாள்போலும், அந்த வாரமே சமுதாயக் கூடத்தில் புத்தகக் கண்காட்சி வந்து இறங்கியது. அதை நடத்தியவர் கோவளத்து ராமதாஸ். ஒரு டெம்போ நிறையப் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு, கடலோரம் முழுக்க ஊர் ஊராய்ப் போய், ஜோதிடம், சமையல், சர்க்கரை நோய், பொது அறிவு என்று மேசை மேசையாய்ப் பரப்பி வைத்து விற்பவர். எந்தப் புத்தகத்தையும் அவர் படித்ததில்லை. ஆனால் எவர் வாங்குவார், எவர் தடவிப் பார்த்துவிட்டுப் போவார் என்பதை வாசலில் செருப்புக் கழற்றும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். சதாசிவனார் செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஜோடியாய்ச் சுவரோரம் ஒட்டி வைத்தபோதே ராமதாஸ் பெருமூச்சு விட்டார்.

கம்ப்யூட்டர் மேசையில் முதலில் எதிர்ப்பட்டது ஆங்கிலப் பெருநூல். ஆட்டுக்கல் ஒத்த ஆகிருதி, அம்மியை நாணச் செய்யும் கனம், கதவுக்கு முட்டுக் கொடுத்தால் ஆடிக் காற்றும் அசைக்க முடியாத அகலம். அட்டையில் 'தொடங்குவோர்க்கு' என்று இனிக்க இனிக்கச் சொன்னது. உள்ளே புகுந்தால், முதல் பக்கத்தில் வரவேற்றது. இரண்டாம் பக்கத்தில், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதுபோல் என்று தொடங்கி, இன்னதென்று புரியாத ஒன்பது சொற்களை ஒரே மூச்சில் எறிந்தது. சதாசிவனார் ஒவ்வொன்றாய் விலக்கி முன்னேறினார். பத்தாம் பக்கத்தில் மூச்சு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, நூலை இருந்த இடத்திலேயே வைத்தார். அது தோல்வி அல்ல, பின்வாங்கல்.

இரண்டாவதாக வந்தது செந்தமிழ்ச் சிறுநூல். மெலிந்த மேனி, ஒரு சொல்லும் பிறமொழி கலவாத உறுதி, திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் அத்தனை கட்டளைகளையும் தமிழாக்கிவிட்டு, எது எதற்குத் தமிழ் என்று மட்டும் சொல்லாமல் விட்ட பெருந்தன்மை. 'சுருக்குக்கயிற்றை எடுத்து, வேண்டியவரின் முகத்தைச் சுற்றி இறுக்கவும். பின்பு வெட்டவும்' என்று அது அமைதியாய் ஓதியது. காய்கறிப் பையோடு கூட வந்திருந்த தெய்வநாயகி தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "இன்னா புஸ்தகம் இது, போலீஸ் கேஸா?" என்று கேட்டார். சதாசிவனார் அதையும் வைத்தார்.

மூன்றாவது நூலை அவர் கண்டபோது கூடத்தின் டியூப்லைட் ஒன்று தானாகவே எரிந்தது. வழவழப்பான அட்டை, பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், இங்கே அமுக்கு, அங்கே இழு என்று குழந்தைக்குச் சோறூட்டும் தமிழ், பின்னட்டைக்குள் ஒரு சிடி. பொருளடக்கத்தில் விரல் ஓடியது. ஓடி, ஓரிடத்தில் நின்றது. 'குழுப்படத்தில் இல்லாதவரைச் சேர்ப்பது எப்படி?' புரட்டினார். இடப்பக்கம் ஒரு குடும்பம் மெரினாவில் நின்றது. வலப்பக்கம் அதே குடும்பம், அதே மெரினா, ஆனால் கூடவே ஒரு தாத்தா, ஆதியிலிருந்தே அங்கே நிற்பவர்போல் சிரித்துக்கொண்டு. அந்தத் தாத்தாவைச் சதாசிவனார் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நூலில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அப்போதே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கொள்முதல் பிரிவின் கோமான் அப்படிச் செய்வாரா? மிக்ஸி வாங்கியபோதே மூன்று கடையில் விலை கேட்டு, ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, அதற்குள் தீபாவளியைத் தாண்டவிட்டவர் அல்லவா? பக்க எண்ணிக்கை, எடை, கட்டு, தாள், சிடி உண்டா இல்லையா என்று கோடு கிழித்து மூன்று நூல்களையும் அடைத்தார். தொழில்நுட்பக் கருத்துக்குச் சம்பத்தை அணுகினார். சம்பத்துக்குத் தன் பையன் கம்ப்யூட்டரில் சீட்டாடுவதை நின்று பார்த்த அனுபவம் உண்டு. "கனமா இருக்கறத வாங்குங்க சார், அதுலதான் எல்லாம் இருக்கும்" என்றார் அவர். அது தனி ஒருவரின் கருத்து என்று சதாசிவனார் குறித்துக்கொண்டு, அடுத்த கருத்துக்குப் போனார். இப்படியே சுற்று முடியும் வரை அந்நூல் பிறர் கண்ணில் படலாகாதே! ஆகவே அதைக் கம்ப்யூட்டர் மேசையிலிருந்து பெயர்த்து, சர்க்கரை நோய் உணவுமுறை நூல்களின் அடியில் புதைத்து வைத்தார். ஒவ்வொரு மாலையும் வந்து, புதையல் பத்திரமா என்று மேலாக ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சார், உங்களுக்குச் சக்கர கீதா?" என்று ராமதாஸ் கரிசனமாய்க் கேட்டார். "தினிக்கும் வந்து அத்தயே தடவிக்கினு கீறீங்க."

விதி சிரித்தது. சதாசிவனாருக்குச் சர்க்கரை இல்லை. லக்ஷ்மிநாராயணனுக்கு இருந்தது.

லக்ஷ்மிநாராயணன் யார்? சுவரின் எல்லாப் படங்களிலும் நடுநாயகமாய் நின்ற நாயகர். எவர் ஓய்வு பெற்றாலும் அவர் தோளில் கைபோட்டு, சந்தன மாலையில் பாதி தம் கழுத்திலும் விழும்படி நிற்கும் கலை கைவந்தவர். சதாசிவனாருக்கு அடுத்த மேசை, அடுத்த வீடு, பேருந்தில் அடுத்த சீட்டு. கண்காட்சியின் கடைசி மாலை, எல்லாக் கருத்தும் முடிந்து, எல்லாக் கட்டமும் நிரம்பி, தேர்வு இதுவே என்று பச்சைப் பேனாவால் ஒப்பமிட்ட பட்டியலோடு சதாசிவனார் வெற்றிநடை போட்டுக் கூடத்துக்குள் நுழைந்தபோது, சர்க்கரை நோய் மேசையில் அந்த நாயகர் குனிந்து நின்றார். கேழ்வரகு சமையல் வகைகளை விலக்கினார். வெந்தயத்தின் மகிமையை விலக்கினார். வழவழப்பான ஓர் அட்டை அவர் கையில் மின்னியது. புரட்டினார். அவர் கண்கள் அகன்றன, ஏனெனில் அவர் திறந்த அத்தியாயம் 'வழுக்கைத் தலையில் முடி வரவைப்பது எப்படி?'

அப்போது எழுந்தது போர்! சிங்கம் பாய்வதுபோல் என்று சொன்னால் சிங்கத்துக்குச் செருப்பில்லை, இவருக்கு இடது கால் செருப்பு இன்னும் கழன்றிருக்கவில்லை. அந்த ஒற்றைச் செருப்போடே பாய்ந்து, ஜோதிட மேசையை வலம் வந்து, பொது அறிவை உதைத்து, ராசிபலன்கள் பன்னிரண்டும் சிதறி விழ, சதாசிவனார் அந்நூலின் கீழ்முனையைப் பற்றினார். மேல்முனையை லக்ஷ்மிநாராயணன் விடவில்லை. இவர் இழுத்தார், அவர் வந்தார். அவர் இழுத்தார், இவர் போனார். தேர் வடம் பிடித்தாற்போல் இருபுறமும் இழுபட்டு, நூல் நடுவில் நின்று முனகியது. கூடத்தில் இருந்த மாதர்கள் கோலப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். கடல் இரைந்ததா, மின்விசிறி இரைந்ததா என்று தெரியவில்லை.

"நான்தான் சார் முதல்ல எடுத்தேன்!" என்று முழங்கினார் லக்ஷ்மிநாராயணன்.

"இது எனக்கு ஃபைனலைஸ் ஆயிடுச்சு! டெண்டர் முடிஞ்சுபோச்சு! இதோ கையெழுத்து!" என்று பட்டியலை வாயில் கவ்வியபடி முழங்கினார் சதாசிவனார். பாதிதான் கேட்டது.

ராமதாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து நடுவில் வந்தார். "இன்னா சார் இது பேஜாரு! ரெண்டு பேரும் பெரிய ஆபீஸருங்க. ஒரு புக்க புட்சிகினு மீன் வலையாட்டம் இழுத்துக்கினு கீறீங்க. கிய்ஞ்சா யாரு டப்பு குடுக்கறது? யாருக்கு ரொம்ப அவசரமோ சொல்லுங்க, நான் குடுத்துட்டுக் கடைய ஏறக்கட்றேன்."

"என் பொண்ணு நிச்சயதார்த்தப் பத்திரிகையில என் போட்டோ போடணுமாம்" என்றார் லக்ஷ்மிநாராயணன், மண்டையை ஒருமுறை தடவிக்கொண்டு. "முடியோட போட்டா நல்லா இருக்கும்னு பாத்தேன். நீங்க எதுக்கு சார் உயிர விடறீங்க?"

சதாசிவனார் பட்டியலை வாயிலிருந்து எடுத்தார். கொள்முதல் நடைமுறையில் இக்கேள்விக்குக் கட்டம் இல்லை. பிடியை விடாமலே, தரையைப் பார்த்துச் சொன்னார்: "நான் ஒரு படத்துலயும் இல்ல."

"எந்தப் படத்துல?"

"நம்ம செக்‌ஷன் சுவத்துல. ஒண்ணுத்துலயும் இல்ல. அந்தப் பொண்ணு என்னைய டிரான்ஸ்ஃபர்ல வந்தீங்களான்னு கேட்டுடுச்சு."

லக்ஷ்மிநாராயணன் திகைத்தார். "என்ன சார் சொல்றீங்க? எல்லாத்துலயும் என் பக்கத்துலதானே நின்னீங்க? இந்தப் பக்கம்?" என்று தம் வலத் தோளைத் தொட்டுக் காட்டினார். தொட்ட கை அங்கேயே நின்றது. அவர் கண் மேலே போய், சுவரில் ஒவ்வொரு சட்டமாய் நினைத்துப் பார்த்தது. வேனில் போனது, பாறை நிழலில் சுண்டல் தின்றது, திரும்பும் வழியில் பாடியது என எல்லாவற்றிலும் சதாசிவம் இருந்தார். படத்தில் மட்டும் எங்கே என்று நினைவுக்கு வரவில்லை. ஓராயிரம் வாளுக்கும் வளையாத அவர் பிடி அப்போது தளர்ந்தது.

"எடுத்துக்குங்க சார்" என்றார். "ஆனா ஒண்ணு. கத்துக்கிட்டதும் எனக்கு முடி போட்டுக் குடுத்துடணும். ரொம்ப வேணாம், முன்னால மட்டும்."

உடன்படிக்கை ஏற்பட்டது. ராமதாஸின் பில் புத்தகம் சாட்சியாயிற்று. கைப்பற்றிய நூலை மார்பில் தாங்கி, மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, வெற்றி வேந்தர் நகரியத்து வீதியில் நடந்தார். வாரச்சந்தைக்காரர்கள் வழிவிட்டார்கள், கத்தரிக்காய்க் கூடைகள் தலை தாழ்ந்தன, கபடி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பந்தயத்தை நிறுத்தி, மாமா ஏன் தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறார் என்று பார்த்தார்கள். மூன்று மாடியையும் மூச்சு வாங்காமல் ஏறி, கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த துணியைச் சிலையின் திரை விலக்குவதுபோல் விலக்கி, மேசையில் நூலை வைத்து, மனைவியை அழைத்து அத்தியாயத்தைத் திறந்து காட்டினார். மெரினாத் தாத்தா சிரித்தார். "அடுத்த மாசத்துக்குள்ள பாரு, நான் எல்லாத்துலயும் நிப்பேன்" என்றார் சதாசிவனார்.

தெய்வநாயகி செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தவர். எதையும் சுற்றி வளைத்துக் கேட்டுப் பழக்கமில்லை. படத்தை இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார்.

"எல்லாம் சரி. இந்தத் தாத்தாவ வேற போட்டோலேர்ந்து வெட்டித்தான ஒட்டிக்கீறாங்க? ஒட்றதுக்கு உங்க போட்டோ எங்க கீது?"

ஐயகோ! யந்திரம் வாங்கி, நிறுவி, விளக்கேற்றிய பின், மூலப்பொருளுக்கு ஆர்டரே போடவில்லை என்று அறிந்த அதிகாரியின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் பரவாயில்லை, கொடுத்துவைத்தவர்கள். சதாசிவனார் ஆல்பங்களின்மேல் படையெடுத்தார். அனு தவழ்ந்தாள், அனு நடந்தாள், அனு பாவாடை சட்டையில் பரிசு வாங்கினாள். தெய்வநாயகி கோவளக் கரையில் நின்றார், புலிக்குகையில் நின்றார், கலங்கரை விளக்கின் கீழே காற்றில் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வீட்டு நாய்கூட இரண்டு கோணத்தில் இருந்தது. வீட்டுத்தலைவரோ, மாலை வெயிலில் எடுத்த சில படங்களில், முழங்கைகளை விரித்தபடி மணலில் விழுந்து கிடக்கும் நீண்ட நிழலாய் மட்டும் இருந்தார்.

"கல்யாண போட்டோ?" என்று நம்பிக்கையோடு எடுத்து வந்தார். பட்டு வேட்டி, நெற்றிப் பட்டம், முழங்கால் வரை மாலை.

"இத்த ஒட்டினா அந்தந்த வருஷம் ரெண்டு ரெண்டு பேரு ரிட்டயர் ஆன மாரி இருக்கும்" என்றார் தெய்வநாயகி.

"ஆபீஸ் ஐடி கார்டு?"

"கய்த்துக்குக் கீய ஒண்ணுமே இல்லியே. காத்துலயா நிப்பீங்க?"

தோல்வியின் இருள் அறையெங்கும் பரவியது. சதாசிவனார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இத்தனை பேரை நிற்கவைத்து, சிரிக்கவைத்து, நகரச் சொல்லி, நெருங்கி நிற்கச் சொல்லித் தந்தவனுக்கு ஓர் இடம் இல்லையே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது. தெய்வநாயகிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கா இப்படி ஒக்காந்துகினு கீறீங்க? கேமராவக் குடுங்க. மொட்ட மாடிக்கு வாங்க, இன்னும் கொஞ்சம் வெயிலு கீது. நேரா நில்லுங்க, நான் ஒண்ணு எடுக்கறேன். பட்டன அமுத்தறதுதான, பெரிய வித்தையா இது?"

அக்கணத்தில், சர்க்கரை நோய் மேசைப் போரும் ஒரு போரா என்னும்படி, அண்டங்கள் அதிர, ஆடிக் காற்று அடங்க, தென்னைகள் தலையாட்டுவதை நிறுத்த, மாமல்லபுரத்துப் பாறையும் இன்றாவது உருளலாமா என்று ஒருகணம் யோசிக்க, முப்பத்து முக்கோடி தேவர்களும் மூன்றாம் மாடி ஜன்னலில் முண்டியடித்து எட்டிப் பார்க்க, அந்த வீரர் எழுந்தார், தோல் உறையைத் திறந்தார், எவருக்கும் தந்திராத அந்த யாஷிகாவை இரு கையிலும் ஏந்தினார், அதன் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார், நீட்டினார், தெய்வநாயகியின் விரல்கள் வாரில் பட்டன, இவர் விரல்கள் விடவில்லை, வாழ்நாள் முழுதும் சுவரில் நிற்கும் பேறு ஒருபுறமும், அதைத் தர வேண்டிய சிறு கருவி மறுபுறமுமாய் அவர் நெஞ்சு இரண்டு பட்டு நின்றது.

"உனக்கு ஃபோகஸ் வராது, விடு" என்று சொல்லிவிட்டு, சதாசிவம் கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.